கருவறைக் குழந்தையும் கைப்பேசிச் செய்தியும்

தாய் புகைத்தால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு உண்டா? உண்டு என்று இன்று பள்ளி மாணவரும் விடை கூறுவர். ஆனால், ஒரு காலத்தில் மருத்துவர்க்கே இது தெளிவாகவில்லை. 1957-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிம்ப்சன் என்னும் மருத்துவர், புகைக்கும் தாய்மாருக்குக் குறைப்பிரசவம் மிகுதியாக நேர்வதை எடுத்துக்காட்டினார்.

இதற்குக் காரணம் என்ன? புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு இணைகிறது. ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தில் நச்சு வாயு அமர்ந்துகொள்கிறது. குழந்தையின் வளர்ச்சி குன்றுகிறது.

1958 மார்ச்சில் பிரிட்டனில் ஒரு வாரத்தில் நிகழ்ந்த ஏறத்தாழ 17,000 பிறப்புகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. அவற்றை ஆராய்ந்த பட்லர் குழுவினர் 1972-இல் ஒரு நற்செய்தியைத் தந்தனர். நான்காம் மாத முடிவுக்குள் புகையை விட்ட தாயின் குழந்தை, புகைக்காத தாயின் குழந்தையைப் போன்றே பிறக்க வாய்ப்புண்டு என்பதே அது.

ஆனால், அறிவது எளிது, விடுவது அரிது. நிக்கோட்டினின் பிடி ஒருபுறம். பிறர் ஏசுவரே என்னும் அச்சம் மறுபுறம். வெட்கத்தால் மருத்துவரிடமே மறைக்கும் பெண்ணுக்கு யார் துணை?

1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. 2005-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் புகைப்போர் 1,705 பேரைக் கொண்டு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஆறு வாரங்களில் புகையை விட்டதாகக் கூறியவர்கள், ஊக்கச் செய்தி பெற்றோரில் 28 விழுக்காடு. மற்றவரில் 13 விழுக்காடு.

பின்னர் இங்கிலாந்தில் கருவுற்ற பெண்களுக்கெனவே ‘மிக்விட்’ என்னும் திட்டம் உருவாயிற்று. கருவின் வளர்ச்சிக்கேற்பச் செய்திகள் வரும். புகைக்கும் வேட்கை எழுந்தால் பெண்ணே செய்தி அனுப்பி உதவி பெறலாம். 2017-இல் வெளியான 407 பெண்களின் சோதனையில், புகையை விட்டு நிலைத்தோர் 5.4 விழுக்காடு, திட்டத்தில் சேராதோரில் 2 விழுக்காடு. ஆயினும், பின்னர் ஏறத்தாழ 1,000 பெண்களிடம் நடத்திய சோதனையில் இந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது!

கிளாஸ்கோவில் 612 கருவுற்ற பெண்களிடம் நடந்த வேறொரு சோதனையின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. வழக்கமான உதவியுடன் கடைகளில் பொருள் வாங்கும் பரிசுச் சீட்டுகளும் பெற்றோரில் 22.5 விழுக்காட்டினர் புகையை விட்டனர், பெறாதோரில் 8.6 விழுக்காட்டினரே.

வாசகர்களே, இவ்வரலாறு கூறுவது என்ன? கைப்பேசி நல்ல தூதன். ஆனால் தூது மட்டும் போதாது. ஏசாத சுற்றமும் கைகொடுக்கும் சமூகமும் வேண்டும். அத்தகைய பெண்ணை நீங்கள் காண நேர்ந்தால், முதலில் கடிந்துரைக்காதீர்கள், துணை நில்லுங்கள்.