மொய்யும் முடிச்சும்: சமூகப் புத்தகக்குறித் தளங்கள் தரும் வருகை பற்றி ஒரு மறுவாசிப்பு

பயனர்கள் பக்கங்களைக் குறித்துவைத்துப் பகிரும் சமூகப் புத்தகக்குறித் தளங்கள் ஓர் இணையதளத்துக்கு அனுப்பும் வாசகர் கூட்டம் வந்த வேகத்தில் வடிந்துவிடும் என்பது ஆய்வுலகில் ஏறக்குறைய முடிந்துபோன வழக்காகவே கருதப்படுகிறது. அதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது ஃபாங் வூவும் பெர்னார்டோ ஹூபர்மனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுத்தாள். புதுமையும் கூட்டுக் கவனமும் பற்றிய அத்தாள் சொன்னது வேறு, அதன்மேல் பின்வந்தோர் ஏற்றிவைத்தது வேறு என்பதே என் வாதம்.

தாள் எதை அளந்தது? பயனர்கள் செய்திகளுக்கு வாக்களிக்கும் டிக் (Digg) தளத்தில் முகப்புப் பக்கத்துக்கு ஏறிய செய்திகளுக்குச் சேர்ந்த வாக்குகளை. புதுமை என்ற ஒரே காரணியைக் கொண்ட மாதிரியில் அவற்றைப் பொருத்தியபோது, ஒரு செய்தியின் புதுமை பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆயிற்று. கவனம் மங்குவதற்கு ‘இயல்பான’ கால அளவு ஒன்று இருப்பதை இம்முடிவு சுட்டுகிறது என்று ஆசிரியர்கள் அடக்கமாகவே எழுதினர். பின்வந்த எழுத்துகளில் அந்தச் ‘சுட்டுகிறது’ உதிர்ந்துபோய், ‘இயல்பான’ மட்டும் தங்கிவிட்டது.

யாருடைய இயல்பு என்பதே கேள்வி. அன்றைய டிக்கில் ஒரு செய்தி முதலில் வரிசையில் காத்திருக்கும். போதிய வாக்குகள் விரைந்து சேர்ந்தால் முகப்பின் உச்சிக்கு ஏறும். அடுத்து ஏறும் செய்தி அதை ஒரு படி கீழே தள்ளும், அதற்கடுத்தது இன்னொரு படி. சிறிது நேரத்தில் அது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. ஆகவே அளக்கப்பட்ட தேய்வில் வாசகரின் சலிப்பும் இருக்கிறது, பக்கத்தின் தள்ளலும் இருக்கிறது. வாக்குக் கணக்கை மட்டும் வைத்து இரண்டையும் முழுதாகப் பிரிப்பது கடினம். தள்ளலின் பங்கே பெரிது என்று நான் கருதுகிறேன். அதை நிறுவ இங்கே இடமில்லை.

ஆனால் தள்ளல் குறைந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சான்று உண்டு, அதுவும் அதே ஹூபர்மனின் கையிலிருந்தே. பயனர்கள் தமக்கு வேண்டிய முகவரிகளைக் குறித்துவைத்த டெலிஷியஸ் (Delicious) தளம் பற்றி ஸ்காட் கோல்டருடன் அவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற முகவரிகளில் மூன்றில் இரண்டு பங்கு முதல் பத்து நாளிலேயே உச்சம் தொட்டன. இந்த வரியோடு மேற்கோளை முடித்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முகவரிகள், தளத்துக்கு வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ கிடந்த பிறகே உச்சத்துக்குப் போயின என்று அத்தாள் தொடர்வதை எவரும் பொருட்படுத்துவதில்லை. மணிக்கணக்கில் மங்குவது மனித இயல்பென்றால் இந்த ஆறில் ஒன்றை எங்கே வைப்பது?

அதே தாள் குறிச்சொற்களை வகைப்படுத்தும்போது ‘படிக்கவேண்டும்’ என்ற பொருளில் பயனர்கள் இட்ட ஒரு சொல்லையும் காட்டுகிறது. அது பக்கத்தின் பொருளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிறருக்குப் பரிந்துரைக்கவும் இல்லை. தனக்குத் தானே எழுதிக்கொண்ட சீட்டு அது. டிக்கின் வாக்கு மொய் போன்றது: பந்தலில் கூட்டம் இருக்கும்போதுதான் வைப்பார்கள், பந்தல் பிரிந்தபின் யாரும் வைப்பதில்லை. டெலிஷியஸின் குறி சேலை நுனியில் முடிந்துவைத்த காசு: தேவை வரும் நாளில்தான் முடிச்சு அவிழும். இரண்டையும் ‘சமூகப் புத்தகக்குறி’ என்ற ஒரே பெயரின்கீழ் அடக்கியதில்தான் பிழை தொடங்கியது. தமிழ்ப் பதிவுகளின் அடியில் தமிழிஷ் என்ற வாக்குத் தளத்துக்கு வாக்குக் கேட்டு நின்ற பொத்தானும் மொய் வகையே.

டெலிஷியஸுக்கும் ‘புகழ்பெற்றவை’ பக்கம் இருந்ததே எனலாம். இருந்தது; ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே ஒருவர் தன் குறிகளைப் பயன்படுத்த முடிந்தது, டிக்கில் முகப்பே தளம். போலிக் கணக்குகள் எண்ணிக்கையைக் கெடுத்திருக்கும் என்பது இரு தளங்களுக்கும் பொது. அதனால் வேறுபாடு அழியாது. இரண்டு கணக்குமே குறிகளின் கணக்கு, வருகையின் கணக்கு அல்ல என்ற மறுப்புக்குத்தான் எடை அதிகம். அதை ஏற்கிறேன். ஆனால் ஏற்றால் முதலில் ஆட்டம் காண்பது என் வாதம் அன்று. வாக்கு குறைந்ததையே வருகை வடிந்ததாக எழுதிவந்த மரபுதான்.

இணையதளம் நடத்துவோருக்கும் இதில் செய்தி உண்டு. முகப்பேறும் ஒரு மணி நேரத்துக்காக எழுதப்பட்ட பக்கமும், என்றோ ஒருநாள் தேவைப்படும் என்று ஒருவர் முடிந்துவைக்கும் பக்கமும் ஒன்றல்ல. முதலாவதற்கு வாக்கு கேட்கலாம்; இரண்டாவதற்குக் கேட்டுப் பயனில்லை, பக்கம் அதற்குரியதாக இருக்க வேண்டும். பந்தல் கலைந்த நேரத்தை அளந்த தாளை, முடிச்சு அவிழும் நாளுக்கும் சான்றாகக் காட்டுவதை இனியேனும் நிறுத்தலாம்.