வாக்கும் சாட்சியும்: கென்யா கற்ற பாடம்

ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் வழங்கும் சுவாஹிலி மொழியில் வாக்கு என்பதற்குக் 'குரா' என்று பெயர். 'குர்ஆ போட்டுப் பார்ப்போம்' என்று நாம் சொல்கின்றோமே, அந்த அரபுச் சொல்லின் வழிவந்ததுதான் அது. உரிமைக்கு அங்கே 'ஹாக்கி' என்பர். நம்முடைய 'ஹக்'கே அது. அமைதிக்கு 'அமானி'. சாட்சி சொல்பவர் 'ஷாஹிதி'. அவர் சொல்லும் சாட்சியம் 'உஷாஹிதி'. பருவக்காற்றைத் துணைகொண்டு அரபு மரக்கலங்கள் பல நூற்றாண்டுகள் அக்கரைக்குச் சென்று வந்ததன் சுவடுகள் இச்சொற்கள். கி.பி. 1331 அளவில் மொம்பாசாத் துறையில் இறங்கிய இப்னு பதூதா, அவ்வூர் மக்களின் இறைப்பற்றையும் நேர்மையையும் தம் பயண நூலில் பாராட்டிச் சென்றிருக்கின்றார்.

வாக்கு, உரிமை, அமைதி, சாட்சியம் ஆகிய இந்நான்கும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதை, மொம்பாசாவைத் தன்னகத்தே கொண்ட கென்ய நாடு பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. தேர்தல் மோசடியையும் அதன் விளைவான குருதிப் பெருக்கையும் கணிப்பொறியின் துணையால் தடுக்க அந்நாடு மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

வரிசையில் நின்ற வாக்கு

1963 டிசம்பர் 12 அன்று பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற கென்யா, 1982 இல் சட்டப்படியே ஒரு கட்சி நாடாயிற்று. 1988 இல் ஆளுங்கட்சியின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கப் புதியதொரு முறை புகுத்தப்பட்டது. வாக்குச்சீட்டு இல்லை, பெட்டி இல்லை. வேட்பாளரின் படத்தைத் தாங்கி நிற்கும் முகவரின் பின்னால் வாக்காளர்கள் வரிசையாக நிற்க வேண்டும். தலைகளை எண்ணி முடிவு சொல்வார்கள். 'மிலோலோங்கோ', அதாவது வரிசை, என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பட்டப்பகலில் எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்கையில், நீண்ட வரிசை தோற்றதாகவும் குட்டை வரிசை வென்றதாகவும் பல இடங்களில் அறிவிக்கப்பட்டது. கண்ணால் கண்ட சாட்சி ஆயிரம் பேர் இருந்தும், அச்சாட்சியத்தைப் பதிவு செய்ய ஒரு துண்டுத் தாளும் இல்லாமற் போயிற்று.

1991 டிசம்பரில் பல கட்சி முறை மீண்டது. ஆயினும் 1992, 1997 ஆகிய இரு தேர்தல்களையும் ஒட்டி, பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியிலும் மொம்பாசாவை அடுத்த லிக்கோனியிலும் இனக் கலவரங்கள் மூண்டன. நிலத்தைப் பற்றிய பழைய பகைகளுக்குத் தேர்தல் காலம் நெய் வார்த்தது. 2002 இல் மட்டும் ஆட்சி அமைதியாகக் கைமாறி, முவாய் கிபாக்கி குடியரசுத் தலைவரானார். இனி நல்ல காலமே என்று நாடு நம்பிற்று. அந்நம்பிக்கை ஐந்தாண்டுகளே நிலைத்தது.

2007: எண்கள் மாறிய வழி

2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலில் கிபாக்கியை எதிர்த்து ரைலா ஒடிங்கா நின்றார். தொடக்கத்தில் வந்த எண்ணிக்கையில் ஒடிங்காவே முந்தினார். பின்னர் முடிவுகள் தாமதமாயின. தாமதம் ஐயத்தை வளர்த்தது. டிசம்பர் 30 அன்று, கிபாக்கிக்கு 45,84,721 வாக்குகள், ஒடிங்காவுக்கு 43,52,993 வாக்குகள் என்று அறிவிக்கப்பட்டது. அன்று அந்தி சாயும் வேளையிலேயே கிபாக்கி அவசரமாகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். வானொலி, தொலைக்காட்சி நேரடி ஒலிபரப்புக்குத் தடை வந்தது. யார் வென்றார் என்பது தமக்கே தெரியாது என்று தேர்தல் ஆணையத்தின் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு சில நாள்களில் கூறினார். இதைவிடக் கொடிய வாக்குமூலம் வேறென்ன இருக்க முடியும்?

நாடு பற்றி எரிந்தது. 2008 ஜனவரி 1 அன்று, எல்டோரெட் நகருக்கு அருகில் கியம்பா என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர், பெண்டிரும் குழந்தைகளுமாகத் தீயில் மாண்டனர். இரண்டு மாதங்களுக்குள் 1,133 பேர் உயிரிழந்ததாக விசாரணை ஆணையம் பின்னர்க் கணக்கிட்டது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து கூடாரங்களில் ஒதுங்கினர். கோஃபி அன்னான் நடுவராக வந்து, பிப்ரவரி 28 அன்று இரு தலைவர்களையும் உடன்படிக்கையில் கையொப்பமிடச் செய்தார்.

தேர்தலில் நடந்ததை ஆராய, தென்னாப்பிரிக்க நீதிபதி ஜோஹன் கிரீக்ளர் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 2008 செப்டம்பரில் வெளியான அதன் அறிக்கை, மெய்யாக வென்றவர் யாரென்று இனி எவராலும் கண்டறிய முடியாது என்று கூறிற்று. வாக்காளர் பட்டியலில் இறந்தோர் பெயர்கள் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம். பெட்டிகளில் கள்ளச் சீட்டுகளைத் திணிப்பது இரு தரப்பாரின் கோட்டைகளிலும் நடந்திருந்தது. சாவடியில் எண்ணப்பட்ட வாக்கு தலைநகர் நைரோபிக்குப் போய்ச் சேரும் வழி பழுதுபட்டதாயிருந்தது. தொலைபேசியில் ஓர் எண், தாளில் ஓர் எண், அறிவிப்பில் வேறோர் எண்! ஆகவே பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும், முடிவுகளை அனுப்பப் பாதுகாப்பான மின்னணு முறை வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது.

சாட்சியம் என்னும் பெயரில்

இதற்கிடையே அரசின் உதவியின்றி வேறொரு முயற்சி முளைத்திருந்தது. கலவர நாள்களில் செய்தித் தடை நிலவியபோது, ஓரி ஒக்கோலோ என்ற பெண் வழக்கறிஞர், எங்கு என்ன கொடுமை நடக்கின்றது என்பதை நாட்டின் வரைபடத்தில் குறித்து வைக்க யாரேனும் உதவுவீர்களா என்று இணையத்தில் கேட்டார். எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா முதலியோர் சில நாள்களிலேயே அதற்கான நிரலை அமைத்தனர். கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த எவரும் தாம் கண்டதைத் தெரிவிக்கலாம். அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பதியும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'உஷாஹிதி'. பின்னர் 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் வேறு பல நாடுகளிலும் அது பயன்பட்டது.

அதே கைபேசி வழியாகத்தான் அந்நாள்களில் இன வெறுப்பைத் தூண்டும் செய்திகளும் ஊர் ஊராகப் பறந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது. கத்தி கனியையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும்.

இயந்திரம் கைவிட்ட நாள்

2010 ஆகஸ்டில் புதிய அரசியல் சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சாவடி முடிவுகள் கைபேசி வழியே விரைந்து வந்தன, ஐயங்கள் குறைந்தன. இதனால் ஊக்கம் பெற்ற புதிய ஆணையம், 2013 மார்ச் 4 தேர்தலுக்குக் கைரேகையோடு கூடிய புதிய பட்டியலைத் தயாரித்து, 1 கோடியே 43 இலட்சம் பேரைப் பதிந்தது.

ஆனால் தேர்தல் நாளில் நடந்ததென்ன? கைரேகை பார்க்கும் கணிப்பொறிகள் பல சாவடிகளில் மின்கலம் தீர்ந்து அணைந்தன. முடிவுகளை அனுப்பும் முறையும் இடையில் முறிந்தது. செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையை, நிரலில் நேர்ந்த பிழை எட்டு மடங்காகப் பெருக்கிக் காட்டிற்று. கடைசியில் அலுவலர்கள் தாள்களைச் சுமந்துகொண்டு நைரோபிக்குப் பறந்தனர். உஹுரு கென்யாட்டா 50.07 விழுக்காடு பெற்றதாக அறிவிப்பு வந்தது. ஒடிங்கா வழக்காடித் தோற்றார். பெருங்கலவரம் மூளவில்லை. 2007 இன் நினைவும் புதிய நீதிமன்றத்தின் மீதிருந்த மதிப்பும் மக்களைத் தடுத்து நிறுத்தின.

2017: திறக்கப்படாத பெட்டகம்

அடுத்த தேர்தலுக்கு, ஆளை அடையாளம் காணவும் முடிவை அனுப்பவும் ஒரே கையடக்கக் கருவி வந்தது. கென்யாவில் வாக்களிப்பது இன்றும் தாளில்தான் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். சாவடியிலேயே சீட்டுகளை எண்ணி, '34அ' என்னும் படிவத்தில் எழுதி, அலுவலரும் கட்சி முகவர்களும் கையொப்பமிடுவர். அப்படிவத்தின் படத்தை எண்களோடு சேர்த்துக் கருவி அனுப்ப வேண்டும்.

தேர்தலுக்குப் பத்து நாள்களுக்கு முன், ஆணையத்தின் கணிப்பொறித் துறை மேலாளர் கிறிஸ் முசாண்டோ கொலையுண்டு கிடந்தார். இயந்திரத்தை ஏமாற்ற இயலாதவர்கள் அதை இயக்கும் மனிதனைத் தாக்கினரோ என்று நாடு நடுங்கிற்று. ஏறத்தாழ 11,000 சாவடிகளில் போதிய அலைவரிசை இல்லை என்று ஆணையமே முன்கூட்டி ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 8 அன்று தேர்தல் முடிந்ததும் திரையில் எண்கள் ஓடின. அவற்றுக்கு ஆதாரமான படிவங்கள் உடன்வரவில்லை. அவை யாவும் வந்து சேருமுன்னரே கென்யாட்டா வென்றதாக அறிவிப்பு வெளியாயிற்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஆணையத்தின் கணிப்பொறிப் பதிவேடுகளைப் பார்வையிட அனுமதிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணையம் முழுமையாக இணங்கவில்லை. மறைத்ததனாலேயே ஐயம் உறுதிப்பட்டது. செப்டம்பர் 1 அன்று, தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில், நால்வருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரின் வெற்றியை ஒரு நீதிமன்றம் நீக்கியது ஆப்பிரிக்காவில் அதுவே முதன்முறை. மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார். அவ்வாண்டு கலவரங்களிலும் காவலர் துப்பாக்கிக்கும் பலர் பலியாயினர்.

2022: எல்லோர் கண்ணுக்கும்

2022 ஆகஸ்ட் 9 தேர்தலில் ஆணையம் ஓர் எளிய காரியத்தைச் செய்தது. 46,229 சாவடிகளின் 34அ படிவங்களையும், வந்தது வந்தவாறே, பொதுமக்கள் அனைவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. கடைத்தெருவில் காய்கறி விற்பவரும் தம் சாவடியின் தாளைத் தம் கைபேசியில் பார்த்து, கதவில் ஒட்டியிருந்த தாளோடு ஒப்பிடலாம். செய்தித்தாள்களும் கட்சிகளும் தாமே கூட்டிப் பார்த்தன.

வில்லியம் ரூட்டோவுக்கு 71,76,141, ஒடிங்காவுக்கு 69,42,930. வித்தியாசம் 2,33,211. 2007 இல் அறிவிக்கப்பட்ட வித்தியாசமோ 2,31,728! ஏறத்தாழ அதே இடைவெளி. அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது, இன்று வழக்கு மன்றத்தின் வாயிலில் நின்றது. ஆணையர் எழுவரில் நால்வர் முடிவை ஏற்க மறுத்தபோதும், தாள்கள் மக்கள் கையில் இருந்தன. நீதிமன்றம் மூலப் படிவங்களைத் தருவித்து ஒப்பிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செப்டம்பர் 5 அன்று நீதிபதிகள் எழுவரும் ஒருமனதாக முடிவை உறுதி செய்தனர். ஒடிங்கா தமக்கு உடன்பாடில்லை என்று கூறியபோதும் தீர்ப்புக்குப் பணிந்தார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அத்தேர்தலிலும் தொகுதி அலுவலர் ஒருவர் கடத்தப்பட்டு உயிரிழந்தார். 2023 போராட்டங்களில் விலைவாசியோடு தேர்தல் பதிவேடுகளைத் திறக்கும் கோரிக்கையும் எழுந்தது. ஒடிங்கா 2025 அக்டோபரில், நம் அண்டை மாநிலமான கேரளத்தில் மருத்துவம் பெற வந்த இடத்தில் காலமானார்.

நமக்குரிய படிப்பினை

நம் நாட்டின் அனுபவமும் இதனோடு ஒத்துப் போகின்றது. 1982 இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக வாக்கு இயந்திரம் வைக்கப்பட்டது. சட்டத்தின் துணையின்றி வந்த அதனை 1984 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் பின்னர் வந்தது. 2013 இல் அதே நீதிமன்றம், இயந்திரத்தோடு தாள் சான்றும் இன்றியமையாதது என்று தீர்ப்பளித்தது.

வாக்களித்தல் சாட்சி பகர்தலுக்கு ஒப்பானது என்று நம் மார்க்க அறிஞர்கள் சிலர் விளக்கியுள்ளனர். சாட்சியத்தின் தன்மை யாது? அது மறைவில் வாழாது. 2013 இல் கருவி பழுதாயிற்று, நாடு பொறுத்துக்கொண்டது. 2017 இல் கருவி வேலை செய்தது. ஆனால் அதன் பெட்டகம் பூட்டியிருந்ததால் நாடு பொறுக்கவில்லை. 2022 இல் பெட்டகம் திறந்தது. கசப்போடேனும் நாடு ஏற்றுக்கொண்டது. மக்கள் வாக்கு ஓர் அமானிதம். அதைக் காக்கக் கணிப்பொறியை அமர்த்தலாம். ஆனால் கணக்குக் கேட்கும் உரிமையை ஒவ்வொரு குடிமகனும் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் வாக்குரிமை பெறும் வயதை எய்தும்போது, சீட்டைப் போட்டுவிட்டு வீடு திரும்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக.