பண்டைப் பூட்டுக்களும் அவற்றின் காவலும்

கதவைச் சாத்தியபின் அதனை உறுதிப்படுத்தும் கருவிகளுள் மிக எளியது தாழ். ஒரு கட்டையை இழுத்து நிலையிலுள்ள துளையிற் செலுத்திவிட்டாற் கதவு திறவாது. தமிழிலே தாழ் என்னுஞ் சொல் பழமை வாய்ந்தது; திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே அது இடம்பெற்றுள்ளது. ஆயின், தாழுக்கு ஒரு குறை உண்டு. வீட்டினுள்ளே இருப்பவன் அதனை எளிதில் இடலாம். வெளியே செல்பவன் இடுதல் அரிது. வீட்டை அடைத்துப் புறப்படுபவன், தான் மீளுங்கால் தனக்கு மட்டும் நெகிழ்ந்து பிறர்க்கு நெகிழாத தாழ் ஒன்றை வேண்டினான். அந்த வேண்டுதலுக்குக் கிடைத்த விடையே பூட்டு.

பூட்டினைத் திறக்குங் கருவியைத் திறவுகோல் என்கிறோம். ஈழத்தமிழர் திறப்பு என்பர். தமிழகத்திற் பெருவழக்காயுள்ள சாவி என்னும் பெயர், ‘சாவே’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லினின்றும் வந்தது. பெயர்கள் பலவாயினும் கருவியின் பணி ஒன்றே: உரியவனை அயலவனிலிருந்து பிரித்தறிதல். உயிரற்ற மரமும் இரும்பும் இதனைச் செய்வது எங்ஙனம்? பூட்டின் காவல், அதன் அமைப்பைப் பிறர் அறியாது மறைப்பதிலே தங்கியுள்ளதா, அன்றி அமைப்பை எல்லாரும் அறிந்த பின்னரும் நிலைபெறுவதா? பூட்டின் நெடிய வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிய முயற்சியே எனலாம்.

பழைய பூட்டுக்களுட் சிறந்தது எகிப்தியப் பூட்டு எனப் பெயர்பெற்ற மரப்பூட்டாகும். எகிப்திலும் மேற்காசிய நாடுகளிலும் 19ஆம் நூற்றாண்டிலுங்கூட அது வழக்கிலிருந்தது. கதவிற் பொருத்திய மரப்பெட்டியொன்றின் ஊடாகத் தாழ்க்கட்டை செல்லும். பெட்டியின் மேற்பகுதியிற் செங்குத்தான துளைகள் சிலவும், அவற்றுள் எளிதில் ஏறியிறங்கும் முளைகளும் உள. தாழ்க்கட்டையை முழுவதும் செலுத்தியவுடன், அம்முளைகள் தம் பாரத்தினாலே கட்டையிலுள்ள குழிகளில் விழும். ஒவ்வொரு முளையிலும் ஒரு பாதி பெட்டியிலும் மறுபாதி கட்டையிலும் நிற்பதால், கட்டையை அசைத்தல் இயலாது. திறவுகோலும் மரத்தாலானதே. நீண்ட கோலொன்றின் நுனியில், முளைகளின் எண்ணிக்கைக்கும் இடைவெளிக்கும் ஏற்ப, மேல்நோக்கிய முட்கள் பதிக்கப்பட்டிருக்கும். தாழ்க்கட்டையிற் குடைந்த வழியாலே கோலை உட்செலுத்தி உயர்த்தினால், முட்கள் குழிகளினுட் புகுந்து முளைகளை மேலே தள்ளும். எல்லா முளைகளின் அடியும் கட்டையின் மேல்மட்டத்தைச் சேர்ந்ததுங் கட்டை விடுபடும். முட்களுள் ஒன்று இடம் மாறினும் பூட்டுத் திறவாது.

இப்பூட்டு 4000 ஆண்டுப் பழமையது என்றும், அதன் சான்று கோர்சபாத்து அரண்மனையிற் காணப்பட்டது என்றும் பல நூல்கள் ஒருங்கே கூறுகின்றன. இவ்விரு கூற்றும் ஒன்றோடொன்று பொருந்துமாறில்லை. இன்றைய ஈராக்கிலே மோசுல் நகருக்கு அண்மையிலுள்ள கோர்சபாத்தில், 1843ஆம் ஆண்டு போட்டா என்னும் பிரெஞ்சுக்காரர் அகழ்ந்து கண்ட அவ்வரண்மனை, அசீரிய மன்னன் இரண்டாஞ் சார்கோன் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டுவித்ததாகும். எனவே அச்சான்று தரக்கூடிய பழமை ஏறக்குறைய 2700 ஆண்டுகளே. ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஆராயாது எடுத்தெழுதும் வழக்கத்திற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. அக்காலத் திறவுகோல்கள் பருமன் மிக்கவை என்பதற்கு விவிலிய நூலிலும் குறிப்புண்டு. எசாயாவின் 22ஆம் அதிகாரம் திறவுகோலைத் தோளிற் சுமத்துவது பற்றிப் பேசுகின்றது.

கிரேக்கர் கையாண்ட முறை வேறு. ஓமர் இயற்றிய ஒடிசியின் 21ஆங் காண்டத்தில், அரசி பெனெலோப்பி பண்டக அறையைத் திறக்குங் காட்சி வருகின்றது. அவள் கதவிலிருந்த வாரின் கட்டை அவிழ்த்து, தந்தப்பிடியுடைய வளைந்த வெண்கலத் திறவுகோலைத் துளையிற் செலுத்தித் தாழை விலக்குகிறாள். கதவின் உட்புறத்துள்ள தாழை, வெளியே நின்று வாரினால் இழுத்து அடைத்தலும், வளைந்த கோலினாலே தள்ளித் திறத்தலுமே இம்முறை. எகிப்தியப் பூட்டுத் திறவுகோலின் முட்களைச் சோதித்தறிந்தது. கிரேக்கத் தாழோ அவ்வாறு எதனையுஞ் சோதிப்பதில்லை. ஏற்ற வளைவுள்ள எந்தக் கோலும் அதனைத் திறக்கும்.

உரோமர் மரத்தை விடுத்து இரும்பையும் வெண்கலத்தையும் கையாண்டனர். முளைகளைக் கீழிறக்கப் பாரத்தை நம்பாது, வில்லின் விசையைப் பயன்படுத்தினர். அதனாற் பூட்டுச் சிறுத்தது. திறவுகோல் விரலில் மோதிரமாக அணியுமளவிற்குச் சுருங்கியது. அவர்கள் கையாண்ட மற்றொரு முறை தடைப்பூட்டு ஆகும். இதிலே திறவுகோல் சுழல வேண்டிய வழியில் உலோகத் தடைகள் நிறுத்தப்படும். அத்தடைகளுக்கு இடங்கொடுக்கும் வெட்டுக்களையுடைய திறவுகோல் தங்குதடையின்றிச் சுழன்று தாழை நகர்த்தும். வெட்டில்லாத திறவுகோல் தடையில் முட்டி நிற்கும்.

உரோமப் பேரரசு வீழ்ந்தபின், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் பெரிதும் நம்பியிருந்தது இத்தடைப்பூட்டினையே. கொல்லர் தம் திறமையெல்லாங் காட்டித் தடைகளைப் பலவாறு வளைத்தனர். திறவுதுளையை மறைத்து, பார்ப்போரை மயக்கப் பொய்த்துளைகள் வைத்தனர். பூட்டின் முகத்தைச் சித்திர வேலைகளால் அழகு செய்தனர். ஆயினும் அடிப்படைக் குறை நீங்கவில்லை. தாழை நகர்த்துவது திறவுகோலின் நுனியே. இடைப்பகுதியை முற்றாக அராவி நீக்கி, நுனியை மட்டும் விட்டால், எந்தத் தடையும் அதனை மறிக்க மாட்டாது. அவ்வாறு அராவிய ஒரு கள்ளத்திறப்பு, பல பூட்டுக்களைத் திறக்க வல்லது. தடைகள் எத்துணை நுட்பமாயினும், அவை அமைந்த விதத்தைக் கள்வன் அறியாதிருக்கும் வரையிலேதான் காவல். அறிந்தபின் காவலுமில்லை.

மறைவை நம்பியதன் விளைவை ஒரு மன்னனின் வாழ்க்கையும் காட்டுகின்றது. பிரான்சிய மன்னன் பதினாறாம் லூயி பூட்டுத்தொழிலில் மிகுந்த விருப்புடையவன். கமேன் என்னும் பூட்டுக்கொல்லனிடம் அத்தொழிலைப் பயின்றவன். புரட்சிக் காலத்தில், துயிலெரி அரண்மனைச் சுவரினுள்ளே ஓர் இரகசிய இரும்புப் பேழையை அக்கொல்லனைக் கொண்டே அமைப்பித்து, தன் அந்தரங்கக் கடிதங்களை அதில் வைத்தான். மன்னன் சிறைப்பட்டபின், 1792 நவம்பரிலே கமேன் அப்பேழை இருக்குமிடத்தை உள்நாட்டமைச்சர் றோலாந்துக்கு அறிவித்தான். அங்குக் கிடைத்த கடிதங்கள் மன்னனுக்கெதிரான வழக்கிற் சான்றாயின. 1793 சனவரி 21ஆந் தேதி மன்னன் கொலைத்தண்டனை பெற்றான். அப்பேழைக்கு இருந்த பெருங்காவல், அஃது எங்குள்ளதென்பதை ஒருவரும் அறியாமையே. அறிந்த ஒருவன் வாய் திறந்ததும் அது பயனற்றதாயிற்று.

இங்கிலாந்திலோ இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே புதுவழி காணப்பட்டிருந்தது. 1778இல் றொபேட் பரன் என்பவர் தம் பூட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அதனுள்ளே தாழைப் பற்றிநிற்கும் இரு நெம்புகள் உண்டு. ஒவ்வொன்றையும் குறித்த உயரத்திற்குத் திறவுகோல் உயர்த்த வேண்டும். குறைவாக உயர்த்தினுந் தாழ் நகராது, மிகையாக உயர்த்தினும் நகராது. தடைகளை ஏய்த்துச் செல்லும் கள்ளத்திறப்பு இங்கே பயன்படாது. ஏனெனில் இப்பூட்டுத் திறவுகோலை வழிமறிப்பதோடு நில்லாது, அதன் அளவையுஞ் சோதிக்கின்றது.

1784இல் யோசேப்பு பிராமா வேறோர் அமைப்பை வகுத்தார். அவருடைய திறவுகோல் சிறு குழாய் வடிவினது. அதன் நுனியில் வெவ்வேறு ஆழமுள்ள வெட்டுக்கள் உண்டு. அதனை உள்ளே அழுத்தும்போது, உருளையைச் சூழ்ந்துள்ள தகடுகள் வில்லை எதிர்த்து வெவ்வேறு தூரம் நகரும். எல்லாத் தகடுகளும் தத்தம் இடத்தை அடைந்தாலே உருளை சுழலும். இத்தகைய நுட்பப் பொருளைக் கையால் அராவித் தொகையாகச் செய்தல் இயலாது. அதற்கான பொறிகளை ஆக்குதற்கு, 1789இல் ஹென்றி மோட்ஸ்லி என்னும் பதினெட்டு வயது இளைஞரைப் பிராமா வேலைக்கு அமர்த்தினார். பின்னாளிற் பொறிக்கருவித் தொழிலின் முன்னோடியாகப் போற்றப்பட்டவர் இவரே. 18 தகடுகளைக் கொண்ட பூட்டொன்றை இலண்டன் பிக்காடிலித் தெருவிலிருந்த தம் கடையின் சாளரத்தில் வைத்து, திறவுகோலின்றித் திறப்போருக்கு 200 கினி பரிசளிப்பதாகப் பிராமா அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்குமேல் அப்பரிசை எவரும் பெற்றிலர்.

1817இல் போட்ஸ்மவுத் கப்பற்றுறையிலே கள்ளத்திறப்புக் கொண்டு ஒரு களவு நிகழ்ந்தது. அதன்பின் அரசாங்கம், தன் திறவுகோலாலன்றி வேறெதனாலும் திறக்கவியலாத பூட்டுக்குப் பரிசு அறிவித்தது. ஜெரமையா சப் என்பவர் 1818இல் ஆக்கவுரிமை பெற்ற பூட்டு அதற்குரிய விடையாக அமைந்தது. அதிலே நெம்புகள் பலவற்றோடு ஒற்றன் போன்ற உறுப்பொன்றும் இருந்தது. கள்வன் ஏதேனும் ஒரு நெம்பை அளவுக்குமேல் உயர்த்திவிட்டால், அவ்வுறுப்புத் தாழைப் பற்றிக்கொள்ளும். பின்னர் உண்மைத் திறவுகோலாலும் உடனே திறவாது. பூட்டில் எவனோ கைவைத்தான் என்பதை உரியவன் அதனால் அறிவான்.

இவ்விரு பூட்டுக்களும் வெல்லவொண்ணாதவை என்ற பெருமிதம், 1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சியின்போது தகர்ந்தது. அக்கண்காட்சிக்கு நியூயோர்க் பூட்டு நிறுவனமொன்றின் சார்பில் அல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர் வந்திருந்தார். சூலை 22ஆந் தேதி, வெஸ்ற்மினிஸ்ரரில் ஒரு கட்டடத்திலே சாட்சிகள் பலர் பார்த்திருக்க, சப்பின் பூட்டை அவர் 25 நிமிடத்தில் திறந்தார். ஒற்றனுறுப்புத் தூண்டப்படாமலே 7 நிமிடத்தில் மீண்டும் பூட்டினார். அடுத்துப் பிராமாவின் சாளரப் பூட்டை எடுத்துக்கொண்டார். 16 நாட்களிற் பரந்த 51 மணிநேர முயற்சியின்பின் அதுவுந் திறந்தது. அத்துணை வசதியும் அவகாசமும் எக்கள்வனுக்குங் கிட்டா எனப் பிராமா நிறுவனத்தார் வாதித்தனர். அவ்வாதம் நியாயமற்றதன்று. எனினும் நடுவர் தீர்ப்பின்படி 200 கினியும் ஹொப்ஸைச் சேர்ந்தது.

ஹொப்ஸின் முறை மாயமன்று. எத்துணைச் செம்மையாகச் செய்யினும், ஒரு பூட்டின் நெம்புகள் யாவும் முற்றும் ஒத்த அளவின ஆகா. தாழின்மீது இலேசான அழுத்தத்தை இடைவிடாது செலுத்தினால், அந்நெம்புகளுள் ஒன்று ஏனையவற்றிற்கு முன் இறுகும். இறுகியதைக் கம்பியாலே தடவியறிந்து, அது விடுபடும் உயரம் வரை மெல்ல நகர்த்தினால், அடுத்தது இறுகும். இவ்வாறு ஒவ்வொன்றாகச் சென்றால், தன் காவலன் எந்த அளவைக் கேட்கின்றான் என்பதைப் பூட்டுத் தானே சொல்லிவிடும். பொறுமையுங் கைந்நுட்பமும் போதும்.

இச்செய்தி பரவியபோது ஒரு பெரும் விவாதம் எழுந்தது. பூட்டின் குறைகளை வெளியிடுதல் கள்வர்க்குப் பாடஞ் சொல்வதாகும் என்று பலர் கடிந்தனர். ஹொப்ஸ் உதவிய செய்திகளைக்கொண்டு சார்ள்ஸ் தொம்லின்சன் பதிப்பித்து, 1853இல் வெளிவந்த பூட்டமைப்பு நூல் அதற்கு மறுமொழி கூறிற்று. கள்வர் தம் தொழிலை ஏற்கெனவே நன்கறிவர். குறைகளை அறியாதிருப்பவர் விலைகொடுத்து வாங்கும் நல்லோரே. ஆகலின் மறைப்பதனால் ஏமாறுவோரும் அவரே என்பது அந்நூலின் கருத்து. ஹொப்ஸ் கண்காட்சியிற் பெருமையுடன் காட்டிய அமெரிக்கப் பூட்டும் இவ்விதிக்கு விலக்காகவில்லை. சில ஆண்டுகளில் அவர் நாட்டவரான இளைய லைனஸ் யேல் அதனையுந் திறந்து காட்டினார்.

பிறர் பூட்டைத் திறந்த யேல் அவ்வளவில் நில்லாது, சிறந்த பூட்டொன்றையும் ஆக்கினார். 1861இலும் 1865இலும் அவர் ஆக்கவுரிமை பெற்ற உருளைப்பூட்டிலே, ஒவ்வொரு முளையும் இரு துண்டாக்கப்பட்டு மேலிருந்து வில்லால் அழுத்தப்படும். சிறிய தட்டையான திறவுகோலின் பல்வெட்டுக்கள் முளைகளை உயர்த்தி, இரு துண்டுஞ் சந்திக்கும் இடங்களை எல்லாம் உருளையின் விளிம்போடு ஒன்றச் செய்தால், உருளை சுழலும். ஒரு முளை மயிரளவு பிறழ்ந்தாலும் சுழலாது. இன்று உலகெங்கும் வீட்டுக்கதவுகளிற் காணப்படுவது பெரும்பாலும் இவ்வமைப்பே. இதனைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். முளைகள் விழுந்து தடுத்தலும், திறவுகோல் அவற்றை ஒரு மட்டத்திற்கு உயர்த்துதலுமாகிய கருத்து, பழைய எகிப்திய மரப்பூட்டின் கருத்தே. பாரத்தின் இடத்தை வில்லும், மரத்தின் இடத்தைப் பித்தளையும், நகர்ச்சியின் இடத்தைச் சுழற்சியும் பெற்றன. இடைக்காலத்தார் ஆயிரம் ஆண்டு தடைகளை வளைத்து அடையாததை, அப்பழங்கருத்திற்கு மீண்டதனாலே பின்னோர் அடைந்தனர்.

யேலின் பூட்டில் இரகசியம் யாதுமில்லை. அதன் படத்தைப் பாடநூல்களிலுங் காணலாம். படத்தைக் கண்டவன் பூட்டின் இயக்கத்தை அறிவானேயன்றி, குறித்த ஒரு கதவின் திறவுகோலில் வெட்டுக்கள் எத்துணை ஆழமுடையன என்பதை அறியான். மறைக்கவேண்டியது அவ்வளவே. 1883இல் ஒகுஸ்த் கேர்க்கொவ் என்பார் இராணுவ மறையெழுத்தைப் பற்றி ஆராய்ந்தபோதும் இம்முடிவிற்கே வந்தார்: முறை பகைவன் கையிற் சிக்கினும் தீங்கு நேரலாகாது, காக்கப்பட வேண்டியது திறவு மாத்திரமே. இன்று கணினிகளின் ஊடாகச் செல்லும் செய்திகளைக் காக்கும் மறைமுறைகளும் இவ்விதியைத் தழுவியே அமைக்கப்படுகின்றன.

பூட்டின் வரலாறு கற்பிப்பது தச்சர்க்குங் கொல்லர்க்கும் உரிய பாடம் மட்டுமன்று. மறைத்துவைத்த பூட்டு, சோதனைக்கு அஞ்சியது. அதன் குறை கள்வன் வரும் நாளிலேதான் வெளிப்பட்டது. சாளரத்திலே வைத்து வந்தாரையெல்லாஞ் சோதிக்க விட்ட பூட்டோ, தோற்ற பின்னரும் தன் பின்னோருக்கு வழிகாட்டிற்று. கல்விக்கும் இஃது ஒக்கும். வினவுவோர்க்கு முன்னே திறந்துவைக்கப்பட்டு, வினாக்களைத் தாங்கி நிற்கும் அறிவே உறுதியான அறிவாகும்.