நான்கு கதவுகள் என்றொரு பெயர்: குவாட்ரோபோர்ட்டேயின் வரலாறு

இத்தாலிய மொழியில் 'குவாட்ரோ' என்றால் நான்கு. 'போர்ட்டே' என்றால் கதவுகள். 1963-இல் தூரின் கண்காட்சியில் மசெராட்டி நிறுவனம் அறிமுகப்படுத்திய சொகுசு மகிழுந்தின் பெயர் அவ்வளவே. காரணம் நோக்கினால் நான்கு கதவுள்ள எவ்வண்டிக்கும் பொருந்தும். வழக்கிலோ ஒன்றை மட்டுமே சுட்டும். நம் இலக்கண உரைகள் 'முள்ளி'யைக் காட்டி விளக்கும் காரண இடுகுறிப் பெயருக்கு இது பொருத்தமான அயல்மொழிச் சான்று.

அப்பெயருக்கு அன்று ஒரு தேவையும் இருந்தது. 1914-இல் பொலோன்யாவில் மசெராட்டி உடன்பிறந்தோர் தொடங்கிய நிறுவனம் பந்தய வண்டிகளால் புகழ்பெற்றது. 1937-இல் ஓர்சி குடும்பத்தின் கைக்கு மாறி, பின்னர் மொதெனாவில் நிலைகொண்டது. 1957-க்குப் பின் நேரடிப் பந்தயத்தைக் கைவிட்டுச் சாலை வண்டிகளை நம்பியது. அவை இரு கதவு வண்டிகள். எனவே, 'நான்கு கதவுகள்' என்பதே ஒரு செய்தி. பியெத்ரோ ஃப்ருவா வடிவமைத்த உடலுக்குள் பந்தய மரபில் வந்த 4.1 லிட்டர், எட்டு உருளை எஞ்சின் இருந்தது. ஆற்றல் 260 குதிரைத்திறன்.

1968-இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் மசெராட்டியைத் தன் கட்டுப்பாட்டில் கொணர்ந்தது. 1974-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை, சித்ரோயன் எஸ்எம் வண்டியின் அடித்தளத்தில் அமைந்த ஆறு உருளை, முன்சக்கர இயக்க வண்டி. 1973-இன் எண்ணெய் நெருக்கடி அதை முடக்கியது. உருவான வண்டிகள் 15-ஐக்கூட எட்டவில்லை.

1975 மே மாதம் மசெராட்டியைக் கலைக்கப்போவதாகச் சித்ரோயன் அறிவித்தது. தொழிலாளர்களும் உள்ளூர் அரசியலாரும் எதிர்த்தனர். நலிந்த நிறுவனங்களைக் காக்க இத்தாலிய அரசு அமைத்திருந்த 'ஜெப்பி' முதலீடு செய்ய, அர்ஜென்டினாவில் பிறந்த அலெஹாந்த்ரோ தே தொமாசோ பொறுப்பேற்றார். பொதுப்பணத்தால் உயிர்த்த அந்த ஆலையிலிருந்தே 1979-இல் ஜியுஜாரோ வடிவமைத்த மூன்றாம் தலைமுறை வந்தது. பாசிச ஆட்சியில் சிறைப்பட்ட சோசலிசவாதியான குடியரசுத் தலைவர் சாந்த்ரோ பெர்த்தீனியின் அரசு வாகனமானதும் அதுவே.

1993-இல் ஃபியட் நிறுவனத்தை முழுமையாக வாங்கியது. 2003-இன் ஐந்தாம் தலைமுறைக்கு எஞ்சின் அளித்தது பழைய போட்டியாளரான ஃபெராரி. உரிமையாளர், எஞ்சின், வடிவமைப்பாளர் என யாவும் மாறின. பெயர் மட்டும் நின்றது.

சொகுசுப் பொருள்களின் வரலாறு பெரும்பாலும் வடிவமைப்பாளர் பெயர்களாலும் குதிரைத்திறன் கணக்குகளாலும் எழுதப்படுகிறது. குவாட்ரோபோர்ட்டே என்ற பெயர் நிலைத்ததற்கான விடையோ 1975-இன் தொழிலாளர் எதிர்ப்பிலும் அரசின் முதலீட்டிலும் இருக்கிறது. அந்த ஆண்டை ஒரே வரியில் கடந்துவிடும் வரலாறு, பெயரைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.