அயர்லாந்துச் சந்தையின் அதிர்ஷ்டக் காசு

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஊர் வீதியே கால்நடைச் சந்தை. பத்திரமும் கையொப்பமும் இன்றியே மாடு கைமாறியது. விற்பவன் சொன்ன விலையைக் கேட்டு வாங்குபவன் விலகி நடப்பான். தரகர் குறுக்கிட்டு இருவரது கைகளையும் இழுத்துச் சேர்த்து, வித்தியாசத்தைப் பாதியாகப் பங்கிடச் சொல்வார். எச்சில் தொட்ட உள்ளங்கைகள் ஓங்கித் தட்டிக்கொண்டால் பேரம் முடிந்தது. வாங்கியவன் மாட்டின் மீது சேற்றால் அடையாளமிடுவான். விற்றவன் பெற்ற பணத்தில் சிறு தொகையை 'அதிர்ஷ்டக் காசு' எனத் திருப்பிக் கொடுப்பான்.

இவ்வழக்கங்களை நம்பிக்கையின் சின்னங்களாகவே பலர் போற்றுவர். ஆனால், மே, நவம்பர் மாதங்களில் நிலப்பிரபுவுக்குக் குத்தகை கட்ட வேண்டிய குடியானவன், மாட்டை விற்காது வீடு திரும்ப இயலாது. அந்த அவசரத்தை வியாபாரி நன்கறிவான். தரகர் சேர்த்துவைத்த கைகள் சமபலம் கொண்டவையல்ல. அதிர்ஷ்டக் காசும் ஏழையின் மடியிலிருந்தே போயிற்று.

1950களில் கூட்டுறவு ஏலக்களங்கள் தோன்றின. விலை பலரறிய ஏறியது. தரகரின் தேவை குறைந்தது. வீதிச் சந்தைகள் பெரும்பாலும் மறைந்தன. கோல்வே மாவட்டத்தின் பலினஸ்லோவில் ஒக்டோபர் குதிரைச் சந்தை இன்றும் கூடுகிறது. அதன் அழகை எழுதுவோர், வெறுங்கையோடு வீடு திரும்ப அஞ்சிய அந்தக் குடியானவனையும் எழுதவேண்டும்.