நிப்பா மூளைக்காய்ச்சல்

நிப்பா, பழந்தின்னி வௌவால்களிடமிருந்து கால்நடைகளுக்கும் மனிதர்களுக்கும் தொற்றி மூளையைத் தாக்கும் வைரஸ். 1998 செப்டம்பர் இறுதியில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் இந்நோய் முதலில் தலைகாட்டியது. அதைக் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. பேராக்கிலிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு அது தெற்கே, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிக்காமட், புக்கிட் பெலாண்டோக் பகுதிகளுக்கும் இறங்கியது.

சந்தேகப்படக் காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும். இங்கே படுத்தவர்களில் பெரும்பாலோர் பண்ணையில் உழைத்த ஆண்கள்: சீனர்களும், அவர்களோடு வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களும். பன்றி வளர்க்காத பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளோ தொலைவில் கேட்கும்படி, குரைப்பது போல இருமின. இவற்றை முன்னதாகவே மதித்திருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங், நோயாளிகளின் தண்டுவட நீரை வளர்ப்புச் செல்களில் இட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பல கருக்கள் கொண்ட பெரிய செல்களாயின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வகங்கள் அதற்குக் காரணம் ஒரு புதிய வைரஸ் என்று உறுதிசெய்தன. நோய் பரவிய சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அந்த வைரஸுக்கு வைக்கப்பட்டது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே நோய் ஓய்ந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள். 105 பேர் இறந்தார்கள். பின்னர் தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரில் இவ்வைரஸ் கிடைத்தது.

காய்ச்சல், தலைவலி, பிறகு மயக்கம் என்று நோய் முற்றும். சிலருக்குக் கழுத்தும் உதரவிதானமும் விட்டு விட்டுத் துடிக்கும். மூச்சு திணறினால் செயற்கைச் சுவாசமே துணை. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு அசைக்ளோவிர் இருப்பதுபோல நிப்பாவுக்கு உறுதியான மருந்து இல்லை. மலேசியாவில் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து பெற்ற 140 பேரில் 32 விழுக்காட்டினரும், பெறாத 54 பேரில் 54 விழுக்காட்டினரும் இறந்தார்கள். ஆனால் குலுக்கல் முறையில் பிரிக்காத ஒப்பீடு அது. பிந்தைய விலங்குச் சோதனைகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளை அழற்சி திரும்பியது.

வங்காளதேசத்தில் இத்தொற்று காய்ச்சாத ஈச்சம் பதநீர் வழியே வந்து, மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவுகிறது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேரைப் பலிகொண்டபோது, தொற்றின் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குள்ளேயே நிகழ்ந்தது.