குதிரையின் வால்

மாகறலில் குதிரை கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பக்கம், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர். மாடு உண்டு, ஆடு உண்டு, கோயில் கதையில் புற்றுக்குள் மறைந்துபோன பொன் உடும்பு ஒன்று உண்டு. சிறுவயதில் நான் பார்த்த ஒரே குதிரை, காஞ்சிபுரத்து ஜட்கா வண்டியில் பூட்டியிருந்த மட்டக்குதிரை. விலா எலும்பை எண்ணலாம். அதே ஊரில், வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில், பின்னங்கால்களின்மேல் எழும்பி நிற்கிற குதிரைகளைப் பார்த்தபோது இரண்டும் ஒரே பிராணி என்று நம்ப முடியவில்லை. அந்த அவநம்பிக்கை இன்றுவரை தீரவில்லை.

நண்பர் ஒருவர் இந்தத் தூண்களைக் காட்டி, தமிழனுக்கென்று தனிக் குதிரை ஜாதி இருந்தது என்று வாதிப்பார். காரி என்பவன் குதிரைக்குக் காரி என்றும், ஓரி என்பவன் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் இருந்ததை ஆதாரமாகச் சொல்வார். பெயர் நம்முடையதுதான். குதிரை யாருடையது என்பதுதான் கேள்வி.

காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. அங்கே கப்பல்கள் வடநாட்டுப் பண்டங்களோடு வெள்ளைப் பிடரிக் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்குகின்றன. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவரே பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து சேரும் சரக்குகளைச் சொல்லும்போது கடல்வழி வந்த குதிரையை முதலில் வைக்கிறார். மிளகு மூட்டை அதற்கப்புறம்தான். குதிரை நமக்குக் கவிதைக்குள் வரும்போதே இறக்குமதிச் சரக்காகத்தான் வருகிறது. புதுக்கவிதையைத் திட்டுவதற்கு இதே வார்த்தையைப் பயன்படுத்துகிறவர்கள் உருத்திரங்கண்ணனாரை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

பின்னால் வந்தது அரபிக் குதிரை. எனக்குப் பிடித்த ஜாதி இதுதான் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏறியதில்லை. தோள்மட்டத்தில் 57லிருந்து 61 அங்குலம், பெரிய பிராணி இல்லை. மற்றக் குதிரைகளுக்கு விலா 18 ஜோடி என்றால் இதற்குப் பல சமயம் 17. இடுப்புக் கணுவும் 6க்குப் பதில் 5. அதனால் முதுகு குட்டை, ஆனால் சுமை தாங்கும். நெற்றிக்குக் கீழே முகம் உள்வாங்கி, மூக்குத் துளை அகலமாக விரிந்திருக்கும். ஓடும்போது வால் கொடிபோல் தூக்கி நிற்கும். பாலைவனத்து வறண்ட காற்றும் பார்லியும் ஒட்டகப் பாலும் வளர்த்த உடம்பு. பெதூயின்கள் இதன் வம்சத்தைத் தாய்வழியில் எண்ணினார்கள். நல்ல பெட்டைக் குதிரைக்குக் கூடாரத்துக்குள்ளேயே இடம்.

இந்த உடம்பைக் கப்பலில் ஏற்றிச் செய்யாறும் பாலாறும் ஓடுகிற நெல் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன், தோஃபார் வியாபாரிகள் குதிரை கொண்டுவருவதையும், அரச சகோதரர் ஐவரும் ஆண்டுக்கு ஆளுக்கு 2,000க்கு மேல் வாங்குவதையும், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாததையும் எழுதியிருக்கிறார். சோற்றோடு வெந்த இறைச்சியைத் தீனியாகப் போடுகிறார்களாம். லாடம் கட்டத் தெரிந்தவனை வியாபாரிகள் கூட்டி வருவதே இல்லையாம்; குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல். உயர்ந்த ஆணையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்கிறார். வெனிஸ்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர்தான். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதையே சொல்கிறார்: வறுத்த பார்லி, நெய்யில் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால், நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பது, பிறகு பழக்காமலே ஏறிச் சவாரி. சீக்கிரத்திலேயே குதிரை மந்தமாகிவிடுகிறது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் மூடும் என்று நாம் குதிரையைக் குறை சொல்கிறோம். இவர்களைப் படித்தபின் அந்தப் பழமொழியில் குதிரையின் பக்கத்து நியாயமும் இருப்பதாகப் படுகிறது.

வஸ்ஸாஃப் கணக்கும் தருகிறார். ஆண்டுக்கு 10,000 குதிரை, குதிரைக்கு 220 தினார், மொத்தம் 22 லட்சம். வழியில் செத்ததற்கும் பணம் உண்டு. இந்த எண்களைவிட என்னை நிறுத்தியது அடுத்த வரிதான். அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவிலிருந்து போகவில்லையாம். கோயில் நிலங்களின், கட்டளைகளின் உபரி வருமானத்திலிருந்தும் கோயிலைச் சேர்ந்த தாசிகள்மீது போட்ட வரியிலிருந்தும் போயிற்று என்கிறார். இது அன்னியர் ஒருவர் கேட்டு எழுதியது, ஒவ்வொரு கோயிலுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1251இல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியனின் குதிரைகள் காஞ்சிவரை வந்து அதைப் பிடித்திருக்கின்றன. தேவதானத்தில் நாற்று நட்டவளையும் சலங்கை கட்டியவளையும் வைத்து இந்தக் குதிரைகளைப் பார்த்தால், தூணில் இருக்கிற கம்பீரம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

திருப்பெருந்துறைக் கதையையும் இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயில் பணியில் செலவழித்துவிடுகிறார். வந்த குதிரைகள் இரவில் நரிகளாகி ஓடிவிடுகின்றன. பக்தருக்கு அது திருவிளையாடல், அதில் எனக்குத் தகராறு இல்லை. நிஜ வாழ்க்கையில் பணம் எதிர்த்திசையில் போயிற்று, கோயிலிலிருந்து குதிரைக்கு. கதை அதைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறது. காலையில் வெறும் லாயத்தைப் பார்த்து நின்றவர்கள் உண்மையிலேயே பலர் இருந்திருக்க வேண்டும்.

விஜயநகரத்திலும் இது மாறவில்லை. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்று, உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும், வாங்கினானாம். கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை. 16ஆம் நூற்றாண்டில் நூனிஸ் என்ற போர்த்துகீசியர் எழுதியது இது. 1510இல் கோவாவைப் பிடித்தபின் அந்த வியாபாரத்தின் கடிவாளம் போர்த்துகீசியர் கைக்குப் போயிற்று.

வரதராஜர் மண்டபத்துக் குதிரைகள் அந்த விஜயநகரக் காலத்தவை. சென்ற மாதம் மறுபடி போனேன். உள்வாங்கிய முகமா, குட்டை முதுகா என்று ஜாதி கண்டுபிடிக்கும் உத்தேசம். கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணுக்குப் படுவது சேணம், மணி, கழுத்துப் பட்டை, வீரனின் தொடை. சிற்பிக்குச் சாமான்கள் நன்றாகத் தெரிந்திருக்கின்றன. அதற்குள் இருந்த பிராணி எத்தனை நாள் அவன் கண்ணில் பட்டதோ. வெளியே வந்து உத்திரமேரூர் பஸ்ஸுக்காக நின்றபோதுதான், வாலைப் பார்க்காமலே வந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்தது.